ஆவுடை வலசை வந்த வருஷங்கள்

புரட்டாசியில் செத்துப்போன ஆவுடை ஐப்பசியில் ஆறுமணிக்குருவிகளோடு சேர்ந்து ஊருக்குத் திரும்பி வந்துவிட்டாள் என்பதை முதலில் கண்டுபிடித்தது நாங்கள் யாருமில்லை, எட்வின் சாருடைய விடுதியில் மூன்று நாள் தங்கிப் பறவை பார்க்கலாம் என்று சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு புருஷன் பெண்சாதிதான், அதையும் அவர்கள் புகாராகத்தான் சொன்னார்கள். ஓடைக்கரை மருதமரத்துப் பக்கம் விடிந்ததிலிருந்து ஒரு சின்னப் பிள்ளை கத்திக்கொண்டே இருக்கிறது, கேமராவைத் தூக்கினால் குருவியெல்லாம் பறந்துவிடுகிறது, யார் வீட்டுப் பிள்ளையோ, கொஞ்சம் கூப்பிட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றார்கள். வருகிறவர்களுக்குப் பறவை காட்டுவதற்கென்றே சம்பளம் கொடுத்து வைத்திருந்த பலவேசத்தை எட்வின் சார் கூப்பிட்டு, போய் அந்தப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வா என்றார்.

பலவேசம் போனான். மலையடிவாரத்து மாந்தோப்புக்குள் ஓடு வேய்ந்த ஐந்து குடில், அதற்குப் பின்னால் ஓடை, ஓடைக்கரையில் நாலு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத அந்த மருதமரம், அவ்வளவுதான் அந்த விடுதி. மரத்தடியில் யாரும் இல்லை. அவன் திரும்பி ரெண்டு எட்டு வைத்திருப்பான், தலைக்கு மேலே இலைக்குள்ளிருந்து, "எப்பா, இங்கன வாங்க, இந்தக் குருவிக்கு அடிவயித்துல சேப்பா இருக்கு, சீக்கிரம் வாங்க" என்று ஆவுடை கூப்பிட்டாள். அவளைப் புதைத்து இருபத்தேழு நாள் ஆகியிருந்தது. ஒன்பது வயசு, மூன்றே நாள் காய்ச்சல், அவனுக்கும் மாடத்திக்கும் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்துப் பிறந்த ஒற்றைப் பிள்ளை. சத்தம் வந்த இடத்தில் ஒரு இலைகூட ஆடவில்லை. காலையில் ஆறு மணிக்கும் சாயங்காலம் ஆறு மணிக்கும் பிசகாமல் கூவுகிற அந்தக் குருவி மட்டும் மரத்தடியில் சருகைக் கிளறிக்கொண்டிருந்தது, அதன் அடிவயிறு அவள் சொன்னபடியே சிவந்திருந்தது.

வேறொரு தகப்பன் என்றால் அலறியிருப்பான், மரத்தில் ஏறியிருப்பான், இல்லை, மயங்கி விழுந்திருப்பான். பலவேசம் இருபது வருஷமாகப் பறவைகளுக்கு முன்னால் எப்படி நிற்பானோ அப்படி நின்றான். கால் மாற்றவில்லை, கையைத் தூக்கவில்லை, மூச்சைக்கூட வாய் வழியாக விடவில்லை. அவன் நிற்கிற இடத்தில் மரங்கொத்தி வந்து உட்கார்ந்தாலும் உட்காரும் என்று எங்களுக்குள் கேலி செய்வதுண்டு. அன்றைக்கு வெயில் ஏறுகிறவரை அவள் பதினொரு தடவை கூப்பிட்டாள், அவன் பதினொரு தடவையும் வாய் திறக்கவில்லை. எங்களில் யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை.

சாயங்காலம் டீக்கடையில் வைத்து ஊருக்குச் சொன்னான். மழை வந்திருக்கிறது, வாலாட்டிக்குருவி வந்திருக்கிறது, ஆவுடையும் வந்திருக்கிறாள் என்று அவன் சொன்னபோது, டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் ஆற்றிக்கொண்டே, பங்குனி வரைக்கும் இருப்பாளா என்று கேட்டார். இருப்பாள் என்றுதான் நினைக்கிறேன் என்றான் பலவேசம். அதற்கப்புறம் அவன் சொன்னதுதான் முக்கியம், அதைத்தான் நாங்கள் மூன்று வருஷம் வேதவாக்காகக் கடைப்பிடித்தோம். "எவனும் பதில் குரல் குடுத்துராதிய. குடுத்தா கிட்ட வரும். கிட்ட வந்தா ஆளப் பாக்கும். ஆளப் பாத்துட்டா பொறவு இந்தப் பக்கமே வராது." பறவை விஷயத்தில் அவன் சொன்னதற்கு எங்கள் ஊரில் மறுபேச்சு கிடையாது.

ஆக ஊர் தன்னைத் திருத்திக்கொண்டது. சுள்ளி பொறுக்கப் போகிற பெண்கள் ஓடைக்கரைப் பாதையை விட்டுவிட்டு ஒரு மைல் சுற்றிப் போனார்கள், ஆடுகளை அந்தப் பக்கம் பத்துவதில்லை என்று முடிவாயிற்று, மாடன் கோயில் குழாய் ரேடியோவை மலைக்கு முதுகு காட்டித் திருப்பிக் கட்டினோம். ஃப்ளோரா டீச்சர் நான்காம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் ஆவுடையின் பெயரை அடிக்கப் போனவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, பங்குனி முடியட்டும் என்றார். கோயில் சாமியாடி உடுக்கோடு போய் மரத்தடியில் அரைநாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து, இது பேயும் இல்லை பிசாசும் இல்லை, பேய் என்றால் எதையாவது கேட்கும், இது எதையுமே கேட்கவில்லை, அங்கே பார் இங்கே பார் என்று காட்டத்தான் செய்கிறது, இதற்கு நான் என்ன படையல் போட முடியும் என்று கையை விரித்துவிட்டார்.

விடுதிக்கு வருகிறவர்களும் சும்மா இருக்கவில்லை. இலைக்கலரில் சட்டை போட்டுக்கொண்டு, கழுத்தில் பைனாகுலரைத் தொங்கவிட்டுக்கொண்டு வருகிற அவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு, கண்ணால் பார்க்காவிட்டாலும் காதால் கேட்டிருந்தால் பறவையைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். ஆவுடையைச் சேர்க்கலாமா கூடாதா என்று எட்டு நாள் அவர்கள் தங்களுக்குள் மெசேஜ் அனுப்பிச் சண்டை போட்டார்கள், கடைசியில் எண் போடாமல் அடியில் எழுதிக்கொள்வது என்று ஒத்துக்கொண்டார்கள். எட்வின் சார் முதலில் யோசித்தார், விடுதிக்குக் கெட்ட பெயர் வந்துவிடுமோ என்று. பிறகு அவரே ஒரு பலகையில் 'இங்கே யாரும் பேசக்கூடாது' என்று எழுதி மருதமரத்துக்கு முப்பதடி தள்ளி நட்டு வைத்தார். நல்ல மனுஷன்தான், அவரையும் குறை சொல்வதற்கில்லை.

குறைப்பட்டது மாடத்தி ஒருத்திதான். அவள் விடுதியில் படுக்கைவிரிப்பு துவைக்கிற வேலை பார்த்தாள், துவைகல்லிலிருந்து மருதமரம் கூப்பிடு தூரம், ஆவுடை கூப்பிடுகிற ஒவ்வொரு கூப்பாடும் அவள் காதில் விழுந்துகொண்டே இருந்தது. பெற்ற பிள்ளை கூப்பிடும்போது ஈரத்துணியைப் பிழிந்துகொண்டு வாயை மூடி நிற்பது எப்பேர்ப்பட்ட காரியம் என்று நாங்கள் யோசித்துப் பார்க்கவே இல்லை, யோசித்திருக்க வேண்டும், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் மாடத்தி, "கூப்பிடுதால்ல, ஒரே ஒரு தடவ என்னன்னு கேட்டுட்டு வந்துருதேன்" என்று அவனிடம் கெஞ்சினாள். பலவேசம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு தடவை கேட்டு அடுத்த வருஷம் வராமலே போய்விட்டால் என்ன செய்வாய் என்றான். அதற்கப்புறம் மருதமரத்தடியில் வாழையிலையில் பணியாரம் மட்டும் வைத்துவிட்டு வருவாள், எறும்பு தின்றுபோகும், அதில் ஒரு ஆறுதல் அவளுக்கு.

பங்குனியில் மாமரம் காய் பிடித்தபோது ஆறுமணிக்குருவிகள் வடக்கே போயின, ஆவுடையும் போனாள். போன நாளைக்கூட எங்களால் சொல்ல முடியும், ஏனென்றால் அன்றைக்குக் காலையில் ஊரே காதைத் தீட்டிக்கொண்டு நின்று ஒன்றும் கேட்காமல் வேலைக்குப் போனது. மறு வருஷம் ஐப்பசி முதல் மழையில் திரும்ப வந்தாள், நாங்கள் சந்தோஷப்பட்டோம். ஆனால் நாலு நாளில் விஷயம் தெரிந்துவிட்டது. அடிவயிற்றுச் சிவப்பு, சீக்கிரம் வாங்க, அதெல்லாம் இல்லை, "எப்பா, இங்கன வாங்க" என்ற அளவில் பேச்சு நின்றுவிட்டிருந்தது. மூன்றாம் வருஷம் வந்தபோது அதுவும் இல்லை. "எப்பா" என்று ஒற்றைச் சொல், அதுவும் கடைசியில் இழுத்து மேலே போய்ச் சீட்டியடிப்பதுபோல முடிந்தது, புதிதாக வந்தவர்கள் அதைக் கேட்டுவிட்டு இது என்ன குருவி என்று பலவேசத்திடமே கேட்டார்கள். பறவையின் பெயரைச் சொல்லித்தான் அவன் பிழைப்பு நடந்தது, அன்றைக்கு அவனுக்குச் சொல்ல வாய் வரவில்லை.

அடுத்த வருஷம் அந்த ஒரு சொல்லும் போய்விடும், அப்புறம் எந்தக் கூவல் என் பிள்ளை என்று எப்படித் தெரியும் என்ற கவலை அவனைப் பிடித்துக்கொண்டது. சோறு இறங்கவில்லை, வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. அந்த நேரத்தில்தான் முதல் வருஷம் வந்து தங்கிய நளாயினி மேடம் என்கிற அம்மா, நல்ல எண்ணத்தில்தான், தான் அன்றைக்குப் பதிவு செய்து வைத்திருந்த சத்தத்தை அவன் செல்போனுக்கு அனுப்பி வைத்தாள். நாற்பது விநாடி. முழுப் பேச்சும் அதில் இருந்தது. குஞ்சுகள் தாய் தகப்பன் கூவுவதைக் கேட்டுக் கேட்டுத்தானே கூவப் படிக்கின்றன, மறந்துபோனதைத் திரும்பக் கேட்டால் இவளுக்கும் ஞாபகம் வந்துவிடும் என்று அவன் கணக்குப் போட்டான்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பறவை பார்க்க வருகிறவர்களில் சிலர் செய்கிற ஒரு கெட்ட காரியம் உண்டு, புதருக்குள் ஒளிந்திருக்கிற குருவியை வெளியே வரவைக்க, அதே குருவியின் சத்தத்தைப் போனில் போட்டுவிடுவார்கள். குருவி துடித்துக்கொண்டு வெளியே வரும், படம் நன்றாக விழும். ஆனால் அது ஆசையில் வருவதில்லை. தன் இடத்தில் தன்னைப் போலவே இன்னொன்று வந்து உட்கார்ந்துவிட்டது என்று நினைத்துச் சண்டைக்கு வரும், தேடும், இரை எடுக்காது, கடைசியில் இடம் பறிபோய்விட்டது என்று முடிவுகட்டி அந்தக் காட்டையே விட்டுப் போய்விடும். இதை எங்களுக்குச் சொன்னவனே பலவேசம்தான். அப்படிச் சத்தம் போட்ட ஒரு பெரிய மனுஷர் கையிலிருந்து போனைப் பிடுங்கி அணைத்ததற்காக ஒருமுறை எட்வின் சாரிடம் ஏச்சும் வாங்கியிருக்கிறான். அப்பேர்ப்பட்டவன், தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், மருதமரத்தடியில் உட்கார்ந்து தன் பிள்ளையின் சத்தத்தைத் தன் பிள்ளைக்கே போட்டான்.

முதல் தடவை போட்டதும் மரத்தின் உச்சியிலிருந்து "எப்பா" என்று வந்தது. இரண்டாவது தடவைக்கு நடுக்கிளையிலிருந்து. மூன்றாவதுக்குக் கைக்கெட்டுகிற உயரத்தில், அவன் முகத்துக்கு நேரே வந்துவிட்டாள், மூன்று வருஷத்தில் அவ்வளவு பக்கத்தில் அவள் வந்ததே இல்லை. "எப்பா, எப்பா, எப்பா" என்று மூச்சுவிடாமல் கூப்பிட்டாள், இந்தக் கிளையிலிருந்து அந்தக் கிளைக்கு, அவனுக்கு இடப்பக்கம், வலப்பக்கம், முதுகுக்குப் பின்னால். அவனுக்குச் சந்தோஷத்தில் கண்ணீர் வந்துவிட்டது, ஞாபகம் வருகிறது, இதோ வந்துவிட்டது என்று நினைத்துச் சத்தத்தைக் கூட்டி நான்காவது தடவையும் போட்டான். போனிலிருந்து ஆவுடை, சீக்கிரம் வாங்க என்று சொல்லி முடித்தாள். பிறகு, செத்ததிலிருந்து ஒருநாளும் சொல்லாத ஒரு புதுப் பேச்சை மரத்திலிருந்த ஆவுடை சொன்னாள்.

"அது யாரு?"

அவ்வளவுதான். ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு தடவை "எப்பா" என்று கேட்டது, அதற்குத் தள்ளி மேட்டுக்காட்டில் ஒரு தடவை, அப்புறம் இல்லை. என்ன செய்துவிட்டோம் என்பது அவனுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. வேறு யாருக்காவது விளங்க நேரமாகியிருக்கும், அவன் பறவைக்காரன், உடனே விளங்கியது. தன் இடத்தில் தகப்பனுக்குப் பக்கத்தில் இன்னொரு பிள்ளை வந்து உட்கார்ந்துவிட்டது, அதற்கு நன்றாகப் பேசவும் தெரிகிறது என்று நினைத்து அவள் இடத்தைக் காலிசெய்துவிட்டுப் போயிருக்கிறாள்.

துவைகல்லுக்கு வந்து மாடத்தியிடம் சொன்னான். சொல்லும்போதே உட்கார்ந்துவிட்டான். மாடத்தி திட்டுவாள், அடிப்பாள், கல்லில் தலையை மோதிக்கொள்வாள் என்று அங்கிருந்தவர்கள் பயந்தார்கள். அவள் கையிலிருந்த விரிப்பைத் தண்ணீருக்குள் விட்டுவிட்டு அவனையே பார்த்தாள். "போனப் போட்டியளே, ஒங்க தொண்டைக்கு என்ன வந்துச்சு?" என்றாள். அந்த ஒரு கேள்வி ஊர் முழுக்கப் போய்விட்டது. மூன்று வருஷமாக ஒரு பிள்ளை கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது, சுள்ளிக்காரியிலிருந்து சாமியாடி வரை ஒருத்தர்கூட ஏன் என்று கேட்கவில்லை, கேட்பாரில்லாமல்தான் பேச்சு தேய்ந்து தேய்ந்து போயிருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எங்கள் மண்டையில் ஏறியது.

அடுத்த ஐப்பசியில் மழை வந்தது, வாலாட்டி வந்தது, ஆறுமணிக்குருவி வந்து ஆறு மணிக்குக் கூவியது. கார்த்திகை வரை பார்த்துவிட்டு ஃப்ளோரா டீச்சர் பெயரை அடித்தார். ஆடுகள் பழையபடி ஓடைக்கரைக்குப் போயின, ரேடியோ பழையபடி மலையைப் பார்த்துப் பாடியது, எட்வின் சாருடைய பலகையை மட்டும் அவர் எடுக்கவில்லை. பலவேசம் வேலைக்குப் போனான், பறவை காட்டினான், விரலை நீட்டுவான், பெயரைச் சொல்வான், அதற்குமேல் ஒரு வார்த்தை பேசமாட்டான்.

மார்கழியில் வந்த ஒரு குடும்பம் பேச்சுவாக்கில் ஒரு தகவல் சொன்னது. தெற்கே நாற்பது மைல் தள்ளி, இதே மலையடியில், ஒரு எலுமிச்சைத் தோட்டத்தில் சின்னப் பிள்ளை பேசுகிற சத்தம் கேட்கிறதாம், ஆள் இல்லையாம். எட்வின் சார் அன்றைக்கே லீவு கொடுத்தார். பலவேசமும் மாடத்தியும் ரெண்டு பஸ் மாறிப் போனார்கள். அங்கே நடந்ததை மாடத்தி வந்து சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும், அவன் சொல்லவில்லை.

தோட்டத்துக்குக் காவல் இருந்தவர் வேலாண்டி என்று ஒரு பெரியவர், கல்யாணம் காட்சி இல்லாத ஒண்டிக்கட்டை, வாயில் வெற்றிலை. வேலியோரம் அவர் பாத்தி வெட்டிக்கொண்டிருக்க, எலுமிச்சைக்குள்ளிருந்து ஆவுடை பேசிக்கொண்டே இருந்தாளாம். தேன்சிட்டு கூடு கட்டுது, நாலு நாளா பஞ்சு பொறுக்குது, எப்பா, கேக்குதா, பஞ்சு எங்கன இருந்து கெடைக்குது அதுக்கு என்று முழுசு முழுசாகப் பேச்சு. "கேக்குதுட்டி, கையில வேலையா இருக்கம்லா" என்று அவர் நிமிராமலே பதில் சொல்லிக்கொண்டு வெட்டினாராம். பலவேசம் வேலிக்கு வெளியே நின்றுவிட்டான். மாடத்திதான் பக்கத்தில் போய், யாரிடம் பேசுகிறீர்கள் என்று தெரியாதவள் மாதிரிக் கேட்டாள்.

"ஐப்பசியில வந்துச்சும்மா. மொதல்ல எப்பான்னு மட்டுந்தான் சொல்லிச்சு, அதுவும் சரியா வெளங்காது. எனக்குப் பிள்ளகுட்டி கெடையாது, என்னயத்தான் கூப்பிடுதுன்னும் இல்ல, இருந்தாலும் ஒரு பிள்ள கூப்பிட்டா என்னன்னு கேக்கணும்லா? கேட்டேன். பொறவு கொஞ்சங் கொஞ்சமா பேச ஆரம்பிச்சுட்டா" என்றார் வேலாண்டி. ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாராம், மண்வெட்டியைக் கீழே வைக்கக்கூட இல்லையாம்.

அப்போதுதான் எலுமிச்சைக்குள்ளிருந்து, "எப்பா, யாரு வந்துருக்கா?" என்று ஆவுடை கேட்டாள்.

வேலாண்டி பதில் சொல்ல வாயெடுத்தவர், வேலிக்கு வெளியே நின்ற மனுஷனின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அந்த முகத்தில் எல்லாம் எழுதியிருந்தது என்றாள் மாடத்தி. மண்வெட்டியை ஓரமாகச் சாத்திவிட்டு, சொல்லிக்கொள்ளுங்கள் என்பதுபோல அவர் இரண்டடி தள்ளியும் நின்றார். நான்தான் தாயி, ஒங்கப்பன் வந்துருக்கேன் என்று இப்போது சொல்லிவிடுவார், இப்போது சொல்லிவிடுவார் என்று மாடத்தி அவன் வாயையே பார்த்தாள். பலவேசமும் வாயைத் திறந்தான். ஆனால் ஒரே தோட்டத்தில் ஒரு பிள்ளைக்கு இரண்டு தகப்பன் குரல் கேட்டால் அந்தப் பிள்ளை என்ன செய்யும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

"குருவி பாக்க வந்தவங்க தாயி" என்றான்.

அவன் அவளுக்குச் சொன்ன முதல் பதிலும் கடைசிப் பதிலும் அதுதான். அந்தக் குரல் ஆவுடைக்குத் தெரிந்ததா தெரியவில்லையா என்று இன்றைக்கு வரைக்கும் மாடத்தியால் சொல்ல முடியவில்லை. பிறகு, "அப்பம் வாங்க, காட்டுதேன்" என்று சொல்லிவிட்டு ஆவுடை முன்னால் போக, அவர்கள் இரண்டு பேரும் சத்தம் வந்த பக்கமெல்லாம் பின்னாலேயே போனார்கள், விடுதிக்குக் காசு கட்டி வருகிறவர்கள் போவதைப் போல. இது தேன்சிட்டு, இது தவிட்டுக்குருவி, இவங்க ஏழு பேரும் சேர்ந்துதான் திரிவாங்க, இது செண்பகம், இது தண்ணி குடிக்க வந்தது என்று பெயர் தெரிந்ததைப் பெயர் சொல்லியும் தெரியாததை நிறம் சொல்லியும் மதியப் பஸ்ஸுக்கு நேரமாகிற வரை அவள் காட்டிக்கொண்டே போனாள். பலவேசம் பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. மாடத்திதான் அவள் சொன்ன ஒவ்வொன்றுக்கும் "ம்" கொட்டிக்கொண்டே நடந்தாள்.